சீட்டுக்கு அடியில் வைத்த பலாப்பலகை

குண்டனி நாடு,
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் யமுனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், மாடு கன்று சௌக்கியம், மிளகுக்கொடி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது, வண்டிக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவைப் பற்றி மட்டும் அந்தச் சௌக்கியம் என்ற வார்த்தையை எழுதக் கை வரவில்லை கண்ணு. நீ ஜெய்ப்பூரில் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது மட்டும் கம்பளிச் சட்டை போடாமல் அறையில் இருக்கும்போதும் போட்டுக்கொள், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு டூட்டிக்கு ஓடாதே. போன் இருக்கும்போது அம்மா எதற்கு நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று உனக்குத் தோன்றும். போன் எந்நேரமும் உன் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நான் வாங்கிப் பேசினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரும் சேர்ந்து கேட்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி உன்னிடம் எப்படிச் சொல்வது. இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது, அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் பொறுமையாகப் படி, நடுவில் பதறிப் போன் போட்டுவிடாதே.

நீ சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த பிக்கப் வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதற்காக உன் மனசு சங்கடப்பட வேண்டாம், வண்டி நல்ல வண்டிதான். தை மாசம் முள்ளுக்குறிச்சியில் செங்கல் லோடு ஓட்டிக்கொண்டிருந்தவரிடம் அதை வாங்கப் போனோம் இல்லையா, அன்றைக்கு உன் அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், எஞ்சினைத் திறந்து பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், அடியில் படுத்துக்கூடப் பார்த்தார், உட்காரும் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருக்கிறவருக்கும் சேர்த்து ஒரே நீளமான சீட், ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்சு தூளாகக் கொட்டுகிறது, நடுவில் ஒரு ஸ்பிரிங் மேலே எட்டிப் பார்க்கிறது, உட்கார்ந்தால் குழிக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். நீ போனில் சீட் எல்லாம் எப்படிப்பா என்று கேட்டதற்கு சிம்மாசனமாட்ட இருக்குது கண்ணு என்று சொன்னாரே, அப்போது அந்த ஸ்பிரிங் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்ததைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைக்கிற மனுஷன், அவர் அப்படித்தான் சொல்வார்.

மலை மேலே ஏறி வரும்போது ஒன்றும் தெரியாது, முதுகு தானாகப் பின்னால் சாய்ந்துகொள்ளும். மரவள்ளிக்கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும்போதுதான் பாடு. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டே போகும், எழுபது வளைவுக்கும் நான் வழுக்கி முன்னால் போய் முட்டிக்கால் இடித்துக்கொள்வேன், திரும்ப ஏறி உட்காருவேன், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நம் மரத்து இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்துப் போட்டேன், அப்போது மெத்தையும் நானும் சேர்ந்து வழுக்கினோம். மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டினேன், மெத்தை நின்றது, நான் மட்டும் வழுக்கினேன். உன் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்து, இனிமே நா வரமாட்டனுங்க, நீங்களே உங்க சிம்மாசனத்துல போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நடை அவர் தனியாகத்தான் போய் வந்தார். மூன்றாம் முறை கிளம்பும்போது வாசலிலேயே நின்றுகொண்டு, அதுக்கு என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு புள்ள என்றார்.

நானே சொன்னேன், அதுதான் வினை. நம் ஊரில் எல்லாமே சரிவு, எதை வைத்தாலும் கீழ்ப்பக்கம் அண்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தித்தான் நமக்குப் பழக்கம், கட்டில் காலுக்குக் கொடுக்கிறோம், தண்ணீர்த் தொட்டிக்குக் கொடுக்கிறோம், ஆட்டுக்கல்லுக்குக்கூடக் கொடுக்கிறோம். வண்டியும் கீழ்ப்பக்கம் பார்த்துத்தானே சாய்கிறது, சீட்டின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் சமமாகிவிடும் என்று எனக்குப் பட்டது. கதவு செய்தபோது மிஞ்சிய பலாப்பலகை அட்டாலிப் பரணில் கிடந்தது, நாலு விரல் உயரம் இருக்கும், அதை எடுத்துக் கொடுத்து சீட்டின் முன் விளிம்புக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வைத்து முடுக்கச் சொன்னேன். அவர் முடுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் தூக்கலா இருக்குது புள்ள, தொடையில உறுத்துது என்றார். கீழ எறங்கறப்ப சரியாயிருமுங்க என்றேன். இறங்கும்போது எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒரு வளைவிலும் வழுக்கவில்லை, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெருமையை நான் சந்தையில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மேலூர்க் கருப்பண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் வண்டிக்கும் அதே மாதிரி பலகை வைத்தான், அக்கா மூளைக்கு இஞ்சினியருக்குப் படிச்சிருக்கோணும் என்று வேறு சொன்னான், நானும் ஆமாம் என்று சிரித்தேன்.

ஐப்பசி பிறந்த பிறகுதான் உன் அப்பாவிடம் ஒரு மாற்றம் என் கண்ணில் பட்டது. சந்தையில் வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்குகிறவர், இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். என்னங்க என்றால் ஒண்ணுமில்ல, காலு மரத்துப் போச்சு என்பார். குளிர் என்று நினைத்தேன், சிமெண்டுத் தரையில் படுப்பதால் என்று நினைத்தேன், வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். ஒரு நாள் சந்தைக்குள் எனக்கு முன்னால் நடந்து போகிறார், வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, அவர் பாட்டுக்குப் போகிறார். ஏனுங்க செருப்பு என்று கத்தினேன், குனிந்து காலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார், வெறுங்கால் மண்ணில் பட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வயசாகிறது, செருப்பு தொளதொள என்று இருக்கிறது என்று நினைத்து வேறு செருப்பு வாங்கிக் கொடுத்தேன், இறுக்கமான செருப்பு.

இனி எழுதுவதைப் படித்துப் பயப்படாதே, எங்களுக்கு அடி ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசிக் கடைசியில் விடாத மழை பெய்ததே, அது நின்ற மறுநாள் காலையில் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லுக்கு இறங்கினோம். ரோடு முழுக்க ஈரம். ஒரு வளைவில் கீழே இருந்து பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறுகிறது, அதற்கு வழிவிட நாம் மேலேயே நிற்க வேண்டும், அப்பா நிறுத்துவார் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன், வண்டி நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், பிரேக்கை அழுத்துகிறவரின் முகமாகத்தான் இருந்தது, பல்லைக் கடித்து அழுத்துகிறார், ஆனால் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. குனிந்து பார்த்தால் கால் பிரேக்கின் மேல் இல்லை யமுனா, ஓரத்தில் நழுவி வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருக்கிறது. நான் அலறிய அலறலில் அவரும் பார்த்தார், கைப்பிரேக்கை இழுத்து வண்டியை மலைப்பக்கம் ஒடித்தார், சாக்கடைக்குள் முன்சக்கரம் இறங்கி நின்றது. இந்தப் பக்கம் ஒடித்ததால் உனக்குக் கடிதம் எழுதுகிறேன், அந்தப் பக்கம் என்னவென்று உனக்குத் தெரியும். நாலு மூட்டை சரிந்து கிழங்கு ரோடெல்லாம் உருண்டது, குரங்குகள் பொறுக்கிக்கொண்டு ஓடின. பஸ் டிரைவர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார், அப்புறம் அவரே ஆட்களை இறக்கி வண்டியைத் தூக்கிவிட்டார். உன் அப்பா எல்லோரிடமும் பிரேக் புடிக்கலீங்க என்று சொன்னார். சொல்லிவிட்டு இறங்கினார் பார், ரெண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கி வெளியே வைத்தார், பிறகு மற்ற காலை வைத்தார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மெக்கானிக் வந்து பிரேக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புதுசு போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே உன் சித்தப்பா மகன் தமிழ்செல்வனைக் கூப்பிட்டு, அவன் ஓட்ட, அப்பாவை நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் கொண்டு போனேன். டாக்டர் குண்டூசியால் காலைத் தொட்டுத் தொட்டுத் தெரியுதா என்று கேட்டார், உன் அப்பா ஊசியைப் பார்த்துக்கொண்டே தெரியுதுங்க, தெரியுதுங்க என்றார். டாக்டர் ஒரு ஃபைலை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு திரும்பக் குத்தினார், அப்போது அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், வலது பாதம் எழவில்லை, விரல் லேசாக அசைந்தது. தொடைக்கு அடியில் நரம்பு அழுந்தியிருக்கிறது, எதன் மேல் உட்காருகிறீர்கள் என்று கேட்டார். வண்டி சீட் நல்லா இருக்குதுங்க என்று உன் அப்பா சொன்னார், நானும் ஆமாங்க என்றேன், எனக்கு நன்றாகத்தானே இருந்தது. எத்தனை மாசமாக இப்படி என்று கேட்டதற்கு ஒரு மாசமுங்க என்றார். ஒரு மாசம் என்றால் பயமில்லை, சீக்கிரம் பார்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், நாள்பட்டிருந்தால்தான் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூணு மாசம் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி மாத்திரையும், பாதம் தொங்காமல் இருக்க ஒரு பட்டையும், செய்ய வேண்டிய பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். வழியில் உன் அப்பா உனக்குச் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

அவர் ஓட்டாமல் இருக்கும் நாளில் சீட்டையாவது சரி செய்து வைப்போம், புது ஸ்பாஞ்சு போட்டால் அவருக்கு ஒரு தெம்பு வரும் என்று நினைத்து, நேற்றுத் திங்கட்கிழமை தமிழ்செல்வனோடு வண்டியைக் காளப்பநாயக்கன்பட்டிக்குக் கொண்டு போனேன், அப்பாவைக் கூட்டிப் போகவில்லை. அங்கே அர்த்தனாரி என்று ஒருவர் குஷன் கடை வைத்திருக்கிறார், லாரி சீட் எல்லாம் தைக்கிறவர், நிதானமான மனுஷன். சீட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தார். பலகையைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஏனுங்க அம்மிணி, எந்தப் புண்ணியவான் இதை வெச்சது என்று கேட்டார். இதுல உக்காந்து ஒருத்தரு தெனமும் வண்டி ஓட்டுனாருங்களா, அவரு காலு இன்னும் இருக்குதுங்களா என்றார், வேடிக்கைக்குத்தான் கேட்டார் பாவம், அவருக்கு என்ன தெரியும். தன் தொடைக்கு அடியில் கையை வைத்துக் காட்டினார், இங்க நரம்பு ஓடுதுங்க, சீட்டு தொடையத் தாங்கோணும், அறுக்கக் கூடாது, அதும் பிரேக்கு மிதிக்கறப்ப மொத்தக் கனமும் இந்தப் பலகை விளிம்புல எறங்குமுங்க, பக்கத்துல சும்மா உக்காந்து வாரவங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்றார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டுச் செங்கல் தூசியோடு சுருண்டு கிடந்த ரெண்டு சீட் பெல்ட்டை இழுத்து வெளியே போட்டார். வழுக்காம இருக்கறதுக்குத்தானுங்க கம்பெனிக்காரன் இதைக் குடுத்திருக்கறான் என்றார். அது அங்கே இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது கண்ணு. தை மாசத்திலிருந்து அது அங்கேயே கிடந்திருக்கிறது.

புது ஸ்பிரிங், கெட்டி ஸ்பாஞ்சு, கறுப்பு ரெக்சின் போட்டு, முன் விளிம்பை வளைவாகத் தாழ்த்தித் தைத்துக் கொடுத்துவிட்டார், உட்கார்ந்தால் முட்டிக்குப் பின்னால் ரெண்டு விரல் போக வேண்டும் என்று அளவும் சொன்னார். நீயும் ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுதுகிறாயே, உன் நாற்காலியில் ரெண்டு விரல் போகிறதா என்று பார்த்துக்கொள். பலகையை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து புது சீட்டைத் தடவிப் பார்த்து, நல்லா தெச்சிருக்கறான் என்றார், ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார், கால் பிரேக்கில் நிற்கவில்லை, இறங்கிவிட்டார். நான்தான் காரணம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சோறு போடும்போது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு முழுக்க அவரைச் சுற்றிச் சுற்றி வந்தும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு, இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை.

மேலே எழுதியதோடு முடித்துத் தபாலில் போடலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. நேற்றுக் காலையில் முதல் வேலையாக மேலூருக்கு நடந்து போனேன். புருஷனிடம் சொல்ல முடியாததை ஊரான் கருப்பண்ணனிடம் சொல்ல முடிந்தது பார், அவன் வண்டியில் இருக்கிற பலகையை உடனே எடு சாமி, அது என் முட்டாள்தனம், என் வீட்டுக்காரர் கால் போய்க் கிடக்கிறது என்று அவன் வாசலில் நின்று சொன்னேன். அவனோ, எனக்கும் பின்னந்தொடை மரத்துத்தான் கெடக்குது அக்கா, நான் சக்கரை வியாதின்னு நெனச்சு ஒரு வாரமா டீய வுட்டுட்டேன் என்றான். என் கண்ணெதிரிலேயே ஸ்பேனரை எடுத்துக் கழற்றினான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி நடக்கும்போது இனி ஒரு நாழிகைகூட இதை மூடி வைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பாதத்தில் துண்டை மாட்டி டாக்டர் சொன்ன மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். நான் சாமையை முறத்தில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தேன், அவர் முகத்தைப் பார்க்காமல் புடைத்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பலகைதானுங்க உங்க காலைக் கெடுத்தது, நாந்தான் வெக்கச் சொன்னன் என்றேன். அவர் துண்டை இழுப்பதை நிறுத்தவில்லை. தெரியும் புள்ள என்றார். எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன். ஆடிப் பெருக்குக்கு மக்யா நாளு உனக்குக் காய்ச்சல்னு நீ வரலியே, அன்னைக்குப் பலகையக் கழட்டிப் போட்டுட்டுத் தனியாப் போனேன், போயிட்டு வர்ற வரைக்கும் காலு சுத்தமா மரக்கவே இல்ல, அப்பவே தெரிஞ்சு போச்சு என்றார். தெரிஞ்சும் எதுக்குங்க திரும்ப மாட்டுனீங்க என்று கத்தினேன். கழட்டுனா நீ வரமாட்டேன்னுடுவியே புள்ள, யமுனா போன பொறவு ஊட்டுல நீ வாயே தொறக்கறதில்ல, சொவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கற, வண்டியில ஏறுனாத்தான் மேல இருந்து கீழ வரைக்கும் பேசிக்கிட்டே வர்ற, அது நின்னு போயிருமேன்னு பாத்தேன் என்று ஏதோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய விஷயத்தைச் சொல்வது மாதிரி சொன்னார். இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன், எனக்கு வந்த கோபத்துக்கு முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன், சாமை வீடெல்லாம் சிதறியது, கொட்டகைப் பக்கம் போய் நின்று வாய்விட்டு அழுதேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லாரி டயருக்கு மேலேகூட உட்கார்ந்து போயிருப்பேனே. நீ இதைப் படித்து உன்னால்தான் என்று நினைக்காதே கண்ணு, நீ இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாய், பேசாமல் இருந்தது என் குணக்கேடு.

அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஆடிப் பெருக்குக்கு மறுநாள் என்றாரே. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று விரல் விட்டு எண்ணினேன், நாலு மாசம். உள்ளே ஓடிப் போய், டாக்டர்கிட்ட ஒரு மாசமுன்னு சொன்னீங்களே என்று கேட்டேன். நாலு மாசமுன்னா லைசென்சையே புடுங்கிக்குவாங்க, வண்டிய வித்துப் போடுன்னு சொல்லுவாங்க, அது பொண்ணு வாங்கிக் குடுத்த வண்டியில்ல என்றார். கீழே சிதறிக் கிடந்த சாமையை ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார், அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கூடவே உட்கார்ந்து நானும் அள்ளினேன்.

திங்கட்கிழமை திரும்பவும் நாமக்கல் போகிறோம், இந்தத் தடவை டாக்டரிடம் நான் பேசுவேன், பலகையையும் சொல்வேன், மாசத்தையும் சரியாகச் சொல்வேன், அவர் முறைத்தாலும் சொல்வேன். நீ லீவு கேட்டு ரயில் ஏறிவிடாதே, உன் வேலையைப் பார், வேளைக்குச் சாப்பிடு, சம்பளத்தில் இந்த மாசம் எதுவும் அனுப்பாதே, நீ ஒரு நல்ல போர்வை வாங்கிக்கொள். எட்டுக்கை அம்மன் உன்னைக் கண் மாதிரி வைத்துக் காக்கட்டும், உன் கை பட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் ஆஸ்பத்திரியில் நரம்பு பார்க்கிற பெரிய டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு எனக்கு எழுது, மறந்துவிடாதே. நாலு மாசம் அழுந்திக் கிடந்த நரம்புக்குத் திரும்ப உயிர் வருமா? மகளாக இருந்து ஆறுதல் சொல்லாதே யமுனா, நர்ஸாக இருந்து சொல்லு. நான் பேசுவதைக் கேட்க அந்த மனுஷன் தன் காலைக் கொடுத்திருக்கிறார், அது வருமா வராதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. ருக்குமணி